போரோபுதூரும் நம் பிரயாணக் கட்டுரைகளும்

தமிழில் பிரயாணக் கட்டுரை என்று எழுதப்படுவதில் பெரும்பகுதி வியப்பின் பட்டியல்தான். எத்தனை அடி உயரம், எத்தனை சிலைகள், எத்தனை வருஷ உழைப்பு. கடைசியில் ஒரு பெருமூச்சு, எல்லாம் நம்மிடமிருந்து போனவை என்று. கடல் கடந்த கோயில்கள் விஷயத்தில் இந்தப் பெருமூச்சு இன்னும் நீளும். ஜாவாவுக்குப் போனவர் தாம் எடுத்துப்போன பெருமையையே பத்திரமாகத் திரும்பக் கொண்டுவருகிறார். இடையில் பார்வை என்ற ஒன்று நிகழவே இல்லை. போரோபுதூரை வைத்தே இதைப் பேசலாம். ஏனெனில், எப்படிப் பார்ப்பது என்ற கேள்வியே வடிவமாகிவிட்ட கட்டிடம் அது.

முதலில் பெருமை விவகாரம். போரோபுதூர் சைலேந்திரர் காலத்தது. 8, 9ஆம் நூற்றாண்டுகளில் எழுந்தது. ராஜேந்திர சோழனின் கப்பல்கள் ஸ்ரீவிஜயத்தைத் தாக்கியது 1025இல். அதற்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஜாவாவின் சிற்பிகள் தங்கள் வேலையை முடித்துவிட்டார்கள். பாரதத்திலிருந்து சமயமும் கதைகளும் போயின என்பது உண்மை. கதை கிடைத்ததாலேயே காவியம் தோன்றிவிடுவதில்லை என்பதும் உண்மை.

நம் கால்கள் கர்ப்பக்கிரகம் தேடிப் பழகியவை. போரோபுதூரில் உள்ளே நுழைய ஒன்றுமில்லை. ஒரு குன்றின்மேல் போர்த்திய கல். சதுரமாக ஆறு தளங்கள், வட்டமாக மூன்று, உச்சியில் மூடிய பெரிய ஸ்தூபி. சதுரத் தளங்களில் நான்கு சுற்றுப் பாதைகள். இரு பக்கமும் உயர்ந்த சுவர், கூரை கிடையாது. மூலைகள் மடிந்து மடிந்து போவதால் அடுத்த திருப்பத்தில் என்ன என்று தெரியாது, உச்சியும் தெரியாது. தெரிவது சிற்பமும் வானமும் மட்டுமே. கதை சொல்லும் பலகைகள் 1,460. வலம் வந்து வரிசையாக அனைத்தையும் படிக்கப் பத்துச் சுற்று வேண்டும்.

மேல் சுற்றுகளில் 460 பலகைகள் கண்டவியூகத்துக்கு உரியவை. வணிகர் வீட்டுப் பிள்ளை சுதனன் ஞானம் தேடிப் புறப்படுகிறான். துறவி, அரசன், சிறுவன், கணிகை என்று ஒருவர் மாற்றி ஒருவரிடம் போகிறான். ஒவ்வொருவரும் தமக்குக் கைவந்தது இவ்வளவுதான் என்று சொல்லி, அடுத்தவரிடம் அனுப்பிவைக்கிறார். அந்த வரிசையில் திராவிட நாட்டு மேகனும் உண்டு. நம் பெருமைக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஆள் இவர்தான். எதற்கும் உரிமை கொண்டாடாமல், தெரிந்ததைச் சொல்லி வழிகாட்டி அனுப்பிவிடுகிறவர். கல்லில் நடக்கும் ஒரு பிரயாணியின் பக்கத்திலேயே பார்ப்பவனையும் நடக்கவைத்த திட்டம் சாமான்யமானதல்ல.

இதையெல்லாம் விட்டு, நேர்ப்படிக்கட்டில் விறுவிறுவென்று உச்சிக்கு ஏறிப் படம் எடுத்துக்கொண்டு இறங்குவது, ஒரு கவிதையின் கடைசி வரியை மட்டும் படிப்பது போன்றது. வட்டத் தளங்களில் கதைச் சிற்பம் ஒன்றுகூட இல்லை. துளையிட்ட 72 ஸ்தூபிகள், உள்ளே பாதி தெரிந்தும் தெரியாமலும் புத்தர்கள். சுவர்களுக்கிடையே கதைகளோடு நெருக்கி நடந்து வந்தவனுக்கே இந்த வெறுமை ஒரு விடுதலை. மற்றவனுக்கு இது வெறும் இயற்கைக் காட்சி. இப்போது மேலே ஏறுவோர் தொகைக்கு வரம்பு உண்டு. கல் தேயாதிருக்கத் தனிச் செருப்பும் உண்டு. பத்துச் சுற்று எல்லோருக்கும் சாத்தியமில்லை. ஒரு சுவரையாவது முழுக்கப் படிக்கலாமே.

இது பௌத்தத்துக்கு மட்டுமான ஒழுங்கும் அல்ல. அதிகத் தூரமில்லாத பிரம்பனானில், 9ஆம் நூற்றாண்டுச் சிவன் கோயில் 47 மீட்டர் உயரம் நிற்கிறது. அங்கே கர்ப்பக்கிரகம் உண்டு, உடனே கைகூப்பலாம். ஆனால் ராமாயணம் சுற்றுச்சுவரின் உட்புறத்தில் ஓடுகிறது. சிவன் கோயிலில் தொடங்கிப் பிரம்மன் கோயிலில்தான் முடிகிறது. நடக்காதவனுக்கு அங்கே கதை பாதியில் நின்றுவிடும்.

இன்னொன்று. போரோபுதூரின் அடிவரிசையில், வினையும் அதன் பயனும் காட்டும் 160 பலகைகள் கல்லடுக்கால் மூடிக் கிடக்கின்றன. 1885இல் தெரியவந்து, 1890-91இல் பிரித்துப் படமெடுத்து, மறுபடி மூடினார்கள். இன்று தென்கிழக்கு மூலையில் மட்டும் கொஞ்சம் திறந்திருக்கிறது. சில பலகைகள் அரைகுறை. சிலவற்றின் மேல், இங்கே இன்னது செதுக்கு என்று சிற்பிக்குக் குறித்த சின்னச் சின்ன எழுத்துக்கள். யாருக்கும் காட்டுவதற்காக எழுதியவையல்ல அவை. எத்தனை முறை சுற்றினாலும் பார்வையாளனுக்குக் கிட்டாத ஒரு பகுதியின் மேல்தான் அந்தக் கட்டிடம் முழுதும் நிற்கிறது. முழுவதையும் பார்த்தாகிவிட்டது, அது முழுவதும் நம்முடையதே என்று எழுதும் பேனா இந்த மூலையில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.