டைட் என்றால் என்ன? 'கோல்ட் ஸ்வெட்' கேட்டபோது எழுதிய குறிப்பு

ஃபங்க் பற்றி யார் எழுதினாலும் 'டைட்'ங்கிற வார்த்தை வந்துவிடும். பேஸும் டிரம்ஸும் கடிகாரம் மாதிரி ஒட்டி வாசிப்பதுதான் டைட் என்று நானும் ரொம்ப நாள் நினைச்சுக்கிட்டிருந்தேன். அது தப்புன்னு புரிய வைத்தது ஜேம்ஸ் பிரவுனின் 'கோல்ட் ஸ்வெட்'.

1967-இல் சின்சினாட்டியில் பதிவான பாட்டு. டிரம்ஸ் கிளைடு ஸ்டபிள்ஃபீல்டு, பேஸ் பெர்னார்ட் ஓடம். முக்கியப் பகுதி முழுக்க ஒரே கார்டில் நிற்கிறது. அங்கே மாற்றம் இல்லாததால் காது தானாகவே தாளத்துக்குப் போகிறது. வழக்கமாக ஸ்னேர் இரண்டிலும் நாலிலும் விழும். இங்கே இரண்டு சரியாக விழுகிறது. நாலில் எதிர்பார்த்தது அரை எண்ணிக்கை தள்ளித்தான் வருகிறது. நடுவில், கேட்டும் கேட்காமலும் சில மெல்லிய தட்டல்கள். இவற்றைக் கோஸ்ட் நோட் என்பார்கள்.

ஒரு டிரம் மென்பொருளில் இந்த அமைப்பை உள்ளிட்டுப் பார்த்தேன். தள்ளி வந்த அடியை நாலுக்கே நகர்த்தினேன். கணக்கு சரியாச்சு, பாட்டு சப்புன்னு ஆயிடுச்சு. அதைப் பழைய இடத்தில் வைத்து, எல்லா அடிக்கும் ஒரே சத்தம் கொடுத்தேன். தையல் மெஷின் ஓடுகிற மாதிரி இருந்தது.

ஓடமின் பங்கு இங்கேதான். அவர் தன் வரியை மாற்றாமல் திரும்பத் திரும்ப வாசிக்கிறார். அது அசையாமல் நிற்பதால்தான் ஸ்னேர் தள்ளி விழுவது பிழையாக இல்லாமல் ருசியாக இருக்கிறது. டிரம்ஸை அவர் காப்பி அடிக்கவில்லை. இருவரும் அவரவர் வழியில் போய் 'ஒன்று'க்கு வந்து சேர்கிறார்கள். ஒட்டிக்கொண்டே போவதல்ல, விலகினாலும் திரும்பி வருவான் என்ற நம்பிக்கைதான் டைட்.

தப்பாக வாசித்தால் பிரவுன் அபராதம் போடுவார் என்பது பிரசித்தம். அந்தக் கண்டிப்பால்தான் இவ்வளவு இறுக்கம் என்று பலர் சொல்வதுண்டு. எனக்கு அது பாதிதான் சரி. அபராதம் பிழையைத் தடுக்கும். அடியை அரை எண்ணிக்கை தள்ளி வைக்கிற யோசனையைத் தராது. ஸ்டபிள்ஃபீல்டு தானாகக் கற்றவர். சட்டனூகாவில் சிறுவயதில் கேட்ட தொழிற்சாலை, ரயில் சத்தங்களில் இருந்துதான் தாளம் பழகினார்.

இந்தப் பாட்டை எழுதியவர்களாக இருப்பது இரண்டு பெயர்: பிரவுன், பீ வீ எல்லிஸ். பிரவுன் முனகிக் காட்டிய தாளத்தை எல்லிஸ் பாட்டாக்கினார். அந்தப் பெருமை அவர்களுக்குரியதுதான். ஆனால் மெட்டு எழுதினால் ஆசிரியர், அடி அமைத்தால் வெறும் வாசிப்பாளர் என்கிற கணக்கு இந்த மாதிரி இசைக்குப் பொருந்துமா? இதே ஸ்டபிள்ஃபீல்டு 1969-இல் 'ஃபங்கி டிரம்மர்' பாட்டில் வாசித்த சில நொடி டிரம்ஸ், பிறகு எத்தனையோ ஹிப்-ஹாப் பாடல்களுக்கு அடித்தளமானது. 2017-இல் இறந்தார். அந்த சாம்பிள்களுக்கான ராயல்டி அவருக்குப் போகவில்லை.

ஹெட்ஃபோன் போட்டு ஒருமுறை கேளுங்க. பாடகரை விட்டுட்டு, அந்த நாலாவது அடி வராத இடத்தை மட்டும் கவனிங்க. பாட்டு அங்கேதான் இருக்கு.