நிறைகோலும் பன்னாடையும்

ஒரு நூலையோ கட்டுரையையோ சீர்தூக்குவோர் கையில் மதிப்பீட்டுத் தாள் ஒன்று இருத்தல் வேண்டுமா? வேண்டுமெனின் அத்தாள் எவ்வாறு அமைதல் தகும்? நெகிரி செம்பிலானில் 61 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுட் பல இன்றும் தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றன. இத்தகைய பள்ளிகளில் சிறுகதை, கட்டுரைப் போட்டிகள் நிகழுந்தோறும் நடுவர் முன் இவ்வினா எழுகின்றது. தாளை வகுப்பது எளிய எழுத்தர் வேலை என்று கருதுவார் உளர். அஃது உண்மையில் திறனாய்வின் முதற்படியே ஆகும். எதனைக் குணமென்பது, எதனைக் குற்றமென்பது என்னும் முடிவு அத்தாளிலேயே செய்யப்பட்டுவிடுகின்றது.

முன்னோர் கண்ட முறைகள்

இறையனார் களவியல் உரை கூறும் வரலாற்றைத் தமிழாசிரியர் அனைவரும் அறிவர். சங்கப் புலவர் 49 பேரும் தனித்தனியே உரை கண்டனர். எவ்வுரை மெய்யுரை எனத் துணிய இயலவில்லை. ஐந்து வயதினனாய், ஊமையாய் இருந்த உருத்திரசன்மனைக் காரணிகனாக அமர்த்தி, அவன் முன் உரைகளைச் சொன்னார்கள். மதுரை மருதன் இளநாகனார் உரைக்கு அவன் சிற்சில இடங்களில் கண்ணீர் வார்ந்து மெய்ம்மயிர் சிலிர்த்தான். நக்கீரர் உரைக்கோ சொற்றொறும் அவ்வாறு செய்தான். இங்கே தாளும் இல்லை, எண்ணும் இல்லை; உணர்ச்சி ஒன்றே அளவுகோல். இம்முறையின் வலிமை, நடுவன் எவர் பக்கமும் சாராமை. இதன் குறை, ஏனைய புலவர்க்குத் தம் உரை எவ்விடத்தில் தாழ்ந்தது என்பது தெரியாமற் போதல். ஊமை நடுவன் காரணம் சொல்லான்.

தொல்காப்பியப் பாயிரத்துக்கு நச்சினார்க்கினியர் தரும் செய்தி வேறு வகையினது. தொல்காப்பியர்பாற் சினங்கொண்ட அகத்தியர், அவர் நூலைக் கேளாதே என்று அதங்கோட்டாசிரியரைத் தடுத்தனர். தொல்காப்பியரோ பல்காலும் சென்று கேட்குமாறு வேண்டினார். இருவரும் வெகுளாதபடி, நூலைக் கேட்டுக் குற்றம் கூறிவிடுவது என்று அதங்கோட்டார் துணிந்தார். ஆயினும் அவர் எழுப்பிய வினாவுக்கெல்லாம் தொல்காப்பியர் விடை கூறவே, நூல் நிலைபெற்றது. நடுவர் முன்னரே ஒரு முடிவோடு வந்து அமர்ந்தாலும், அவர் தம் காரணத்தை வெளிப்படையாகச் சொல்லக் கடமைப்பட்டிருந்தமையால் நூல் பிழைத்தது என்பதே இதனாற் பெறப்படும் பாடம்.

எழுதி வைத்த விதிக்கு உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் சான்று. முதற் பராந்தகன் காலத்தில் 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அவை, வாரியத்துக்கு உரியவர் யார், உரியரல்லாதார் யார் என வரையறுத்தன. முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதிருந்தவரை மட்டுமன்றி, அவர் உறவினரையும் விலக்கின. தகுதியை ஆளுக்கேற்ப மாற்றாமல் முன்னரே கல்லில் வெட்டிவைத்தமையே இதன் சிறப்பு.

நன்னூல் தரும் தாள்

நூலின் பத்துக் குற்றமும் பத்தழகும் தொகுத்த பவணந்தியார், மதிப்பீட்டுத் தாள் ஒன்றையே வகுத்தார் எனலாம். ஆயினும் அப்பட்டியலை அப்படியே கட்டம் போட்டு மதிப்பெண் இடுதல் தவறாகும். கூறியது கூறல் என்னும் குற்றமுடைய கட்டுரை பெரும்பாலும் மிகைபடக் கூறலிலும் அகப்படும்; ஒரு பிழைக்கு இருமுறை மதிப்பெண் குறையும். சுருங்கச் சொல்லல், விளங்க வைத்தல் என்னும் இரண்டு அழகுகளோ ஒன்றையொன்று எதிர்த்து இழுப்பன. ஒன்றைப் பெறப் போய் மற்றொன்றை இழப்பவர் பலர். ஆகவே அவற்றுக்குத் தனித்தனிக் கட்டம் வேண்டும். எவை ஒன்றில் அடங்கும், எவை பிரிந்து நிற்கும் என்று ஆராயாமல் வகுத்த தாள், கூட்டுத் தொகையைத் தருமேயன்றித் தகுதியைக் காட்டாது.

இதனினும் பெரிய தீங்கு ஒன்று உண்டு. ஒரு மாணவி தன் பாட்டியின் கதையை எழுதுகின்றாள் என்று கொள்க. விடியலில் பெரட்டுக்குச் சென்றது, மங்கில் வடிந்த பாலைச் சேர்த்தது, ஒட்டுப்பால் பொறுக்கியது ஆகியவற்றை அவள் அச்சொற்களாலேயே சொல்கின்றாள். இன்னொரு மாணவன் மனப்பாடம் செய்த அணிநடையில் காலை வருணனை ஒன்று தீட்டுகின்றான். ‘தூய சொல்லாட்சி’ என்னும் கட்டம் உள்ள தாளில் மாணவி தோற்பாள்; மாணவன் வெல்வான். ஆனால் செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த நாடுகளிலிருந்தும் பிறமொழி வழங்கும் நாடுகளிலிருந்தும் வந்து வழங்கும் சொல்லைத் திசைச்சொல் என்று ஏற்று, செய்யுளுக்கும் உரியதாக்கியது அந்த நன்னூலேயன்றோ? ரப்பர் மரங்கள் நின்ற இடமெல்லாம் செம்பனை நிற்கும் இந்நாளில் அச்சொற்களைக் காப்பவள் அம்மாணவி. அவளைப் பிழையுடையாள் என்று திருப்பி அனுப்பும் தாள், மாணவியை மட்டுமன்றி ஒரு வாழ்க்கையையே ஒதுக்குகின்றது.

மதிப்பீடும் பயிற்சியே

இந்நாட்டுத் தமிழ் இலக்கிய வரலாற்றில் இதற்கொரு நல்ல முன்மாதிரி உண்டு. 1950 ஆம் ஆண்டில் ‘தமிழ் நேசன்’ நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய ‘கதை வகுப்பு’, எழுதப் பழகுவோருக்குப் பாடமும் பயிற்சியும் தந்து அவர்தம் எழுத்தைத் தரம் கண்டது. 1952 இல் அவ்விதழின் ஆசிரியராக வந்த கு. அழகிரிசாமியும் 1957 வரை இங்கிருந்து எழுத்தாளர்க்கு வழிகாட்டினார். எழுதியவனுக்குத் திரும்பிச் சென்று அவனை அடுத்த படைப்புக்கு ஆயத்தம் செய்யும் மதிப்பீடே பயனுடையது.

இவற்றால் தாள் வகுப்போர் கொள்ளத்தக்கன சில. கட்டங்கள் நான்கைந்துக்கு மேற்படலாகாது. ஒவ்வொரு கட்டத்திலும் எண் மட்டும் இராமல், இன்ன தரம் என்பது இன்ன தன்மையது எனச் சொல்லால் விளக்கப்படல் வேண்டும். வகுப்பறை மதிப்பீட்டின் ஆறு அடைவு நிலைகளைக் கையாளும் ஆசிரியர்க்கு இது புதியதன்று. காரணம் எழுத இடம் விடுதல் இன்றியமையாதது. கட்டுரையாளர் பெயர் மறைக்கப்படல் வேண்டும். தம் மாணவர் எழுதியதை ஆசிரியர் மதிப்பிடலாகாது. நடுவர் ஒவ்வொருவரும் தனியே எழுதி முடித்த பின்னரே கலந்து பேசுதல் நன்று. இருவர் எண்ணிக்கை மிக வேறுபடின், சராசரி கண்டு அமையாமல் மீண்டும் படித்தல் வேண்டும். அந்த வேறுபாடே அக்கட்டுரையில் ஏதோ புதுமை உண்டென்பதற்கு அறிகுறியாகலாம். போட்டிக்கு முன் பழைய கட்டுரை சிலவற்றில் தாளைச் சோதித்துப் பார்ப்பதும் தக்கது.

நல்லாசிரியனுக்கு நிறைகோலை உவமை கூறிய நன்னூல், கடைமாணாக்கனுக்குப் பன்னாடையை உவமை கூறிற்று. தேனை ஒழுகவிட்டுச் சக்கையைப் பற்றிக்கொள்வது பன்னாடை. சந்திப்பிழைகளை எல்லாம் எண்ணி நிறுத்திவிட்டு, பாட்டியின் மங்கில் வடிந்த பாலை ஒழுகவிடும் தாளும் அத்தகையதே. நடுவர் கையில் இருப்பது இவ்விரண்டில் எது என்பது, தாள் அச்சாகும் முன்பே கேட்கத்தக்க வினா.