காகிதமில்லாத நான்கு மனிதர்கள்: 'சோசரர்' பற்றிய விமர்சனங்களை முன்வைத்து

வில்லியம் ஃப்ரீட்கினின் 'சோசரர்' திரைப்படம் பற்றி எழுதப்பட்டவற்றை இரு காலகட்டங்களாகப் பிரிக்கலாம். முதலாவது, 1977இல் படம் வெளியானபோது எழுந்த கண்டனங்கள். இரண்டாவது, 2013இல் வெனிஸ் திரைப்பட விழாவில் அதன் புதுப்பிக்கப்பட்ட பிரதி திரையிடப்பட்ட பின்னர் குவிந்த பாராட்டுகள். முதல் தரப்பு தேவையற்ற படம் என்று ஒதுக்கியதை இரண்டாவது தரப்பு புறக்கணிக்கப்பட்ட மேதைமை என்று கொண்டாடுகிறது. இவர்களில் யார் சரி என்பதல்ல எனது அக்கறை. எதிரெதிராக நிற்கும் இவ்விரு தரப்பினரும் ஒரே விடயத்தைக் காணத் தவறியிருக்கிறார்கள் என்பதே நான் சொல்ல விரும்புவது.

படத்தின் மூலம் ஜோர்ஜ் ஆர்னோ 1950இல் வெளியிட்ட பிரெஞ்சு நாவல். ஆர்னோ என்பது புனைபெயர். ஹென்றி ஜிரார் என்ற அந்த மனிதர் தன் தந்தை உட்பட மூவரைக் கொன்றதாகக் குற்றம்சாட்டப்பட்டு, 1943இல் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டவர். பின்னர் தென் அமெரிக்காவுக்குப் போய் அலைந்து திரும்பி வந்து இதை எழுதினார். அதாவது, சந்தேகத்தின் நிழலில் வாழ்வது என்னவென்று அறிந்த ஒருவரின் எழுத்து இது. ஹென்றி ஜோர்ஜ் க்ளூஸோ 1953இல் இதனைப் 'பயத்தின் ஊதியம்' என்ற பெயரிலேயே படமாக்கினார். அதே ஆண்டில் கான், பெர்லின் ஆகிய இரு விழாக்களின் உயர்ந்த விருதுகளும் அதற்குக் கிடைத்தன.

கதை எளிமையானது. தென் அமெரிக்கக் குக்கிராமம் ஒன்றில் பல நாடுகளிலிருந்து வந்து அகப்பட்டுக்கொண்ட மனிதர்கள். வெளியேறப் பணமில்லை, வீசா இல்லை. தொலைவிலுள்ள எண்ணெய்க் கிணறு தீப்பற்றுகிறது. அதை அணைக்க நைட்ரோகிளிசரினை லொறிகளில் கொண்டுசெல்ல அமெரிக்கக் கொம்பனிக்குச் சாரதிகள் தேவை. செத்தால் கேட்க ஆளில்லாதவர்களே அதற்கு வசதியானவர்கள்.

ஃப்ரீட்கின் இதை மீண்டும் எடுத்தபோது 'எக்ஸோர்சிஸ்ட்'டின் (1973) வெற்றி அவருக்குப் பின்னால் இருந்தது. டொமினிக்கன் குடியரசில் தொங்குபாலம் கட்டினார்கள், ஆறு வற்றியது. மெக்சிக்கோவுக்குப் போய் இன்னொரு பாலம் கட்டினார்கள். செலவு 20 மில்லியன் டொலரைத் தாண்டியது. படம் 1977 யூனில் வெளிவந்தது. அதற்கு ஒரு மாதம் முன்னர்தான் 'ஸ்டார் வோர்ஸ்' வெளியாகியிருந்தது. தலைப்பைப் பார்த்துப் பேய்ப்படம் என்று வந்தவர்கள் லொறியைக் கண்டு ஏமாந்தார்கள். உண்மையில் 'சூனியக்காரன்' எனப் பொருள்படும் அச்சொல் லொறி ஒன்றின் பெயர் மட்டுமே. விமர்சகர்களில் ரோஜர் ஈபர்ட் போன்ற மிகச் சிலரே படத்தை ஆதரித்தனர். ஐரோப்பா முதலிய இடங்களுக்கு வந்தது நெறியாளரின் சம்மதமின்றி ஏறத்தாழ அரை மணித்தியாலம் வெட்டப்பட்ட வடிவம். நான் முதலில் பார்த்ததும் அந்தச் சிதைந்த பிரதியைத்தான்.

1977இன் கண்டனங்களில் இரண்டு திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று, மூலப்படம் இருக்க நகல் எதற்கு? மற்றது, லொறி புறப்பட ஏன் இவ்வளவு தாமதம்? இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. க்ளூஸோவின் படத்திலும் லொறி புறப்பட ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் ஆகிறது. ஆனால் அந்த ஒரு மணித்தியாலமும் காத்திருத்தல். கரப்பான் பூச்சிகளை நூலில் கட்டி விளையாடும் சிறுவன், வேலையற்ற ஆண்களின் வெட்டிப் பேச்சு, கொம்பனி தேர்ந்தெடுக்காததால் தூக்கில் தொங்கும் இளைஞன். இவர்கள் எங்கிருந்து, ஏன் வந்தார்கள் என்பது பற்றி மிகக் குறைவாகவே சொல்லப்படுகிறது. 1955இல் அமெரிக்காவில் வெளியானபோது கத்தரிக்கோல் விழுந்ததில் கொம்பனியை அம்பலப்படுத்தும் காட்சிகளும் அடங்கும். அகதி முகாமில் மாதக்கணக்கில் பதில் கடிதத்துக்குக் காத்திருந்த எவருக்கும் இந்த ஒரு மணித்தியாலம் நீளமானதாகத் தோன்றாது.

ஃப்ரீட்கின் இந்தக் காத்திருத்தலைச் சுருக்கி, அதனிடத்தில் கடந்தகாலத்தை வைக்கிறார். வெராகுரூஸில் ஒரு கூலிக் கொலையாளி. ஜெருசலேமில் குண்டுவைக்கும் ஒரு பாலஸ்தீனப் போராளி. பாரிஸில் மோசடியில் சிக்கிய ஒரு வங்கியாளர். நியூ ஜேர்சியில் தேவாலயப் பணத்தைக் கொள்ளையடித்த ஒருவன். நால்வரும் போலிப் பெயர்களில் ஒரே சேற்றுக்கு வந்துசேர்கிறார்கள். இது நகல் அல்ல, வேறொரு கேள்வி. க்ளூஸோ "இங்கே எப்படி வாழ்கிறார்கள்?" என்று கேட்டார். ஃப்ரீட்கின் "இங்கே ஏன் வந்தார்கள்?" என்று கேட்கிறார். இந்த அளவில், நகல் என்று ஒதுக்கிய 1977இன் விமர்சகர்கள் தவறானவர்களே.

ஆனால் அந்தக் கேள்விக்கு அவர் தரும் விடையை நாம் அப்படியே ஏற்க முடியுமா? நால்வருமே குற்றத்தின் காரணமாகத்தான் காகிதமற்றவர்களாகிறார்கள். புகலிட விசாரணையில் மேசைக்கு அப்பால் இருப்பவரின் முன்முடிவும் இதுவேதான்: ஓடிவந்தவன் எதையோ செய்திருக்கிறான். எண்ணெய்க் கிணறும் இப்போது விபத்தால் எரியவில்லை, கெரில்லாக்களின் நாசவேலையால் எரிகிறது. கருகிய உடல்கள் ஊருக்கு வரும்போது மக்கள் கொதித்தெழுவதை ஃப்ரீட்கின் வலுவாகவே காட்டுகிறார். எனினும் க்ளூஸோ கொம்பனியின் மீது வைத்த பாரத்தில் ஒரு பகுதி இங்கு இறக்கி வைக்கப்படுகிறது.

பாலஸ்தீனனான காசெமின் பாத்திரம் (நடிகர் அமிடூ) நம் மத்தியில் தனி விவாதத்துக்கு உரியது. அவனுடைய அரசியலைக் கொள்ளைக்கும் மோசடிக்கும் பக்கத்தில் சமதையாக வைக்கிறது படம். காட்டில் பெருமரம் ஒன்று பாதையை மறித்துக் கிடக்கையில், வெடிமருந்து பற்றிய அவனது அறிவுதான் வழியைத் திறக்கிறது. அவனிடம் எஞ்சியிருப்பது அது மட்டுமே. நம்பிக்கை, தோழர்கள், நிலம் எல்லாம் உதிர்ந்து, கொம்பனிக்குப் பயன்படும் ஒரு கைத்திறனாக ஒரு போராட்டம் சுருங்கிப்போகிறது. ஃப்ரீட்கின் இதை எண்ணித்தான் செய்தாரா என்பது எனக்கு முக்கியமல்ல. இயக்கங்களிலிருந்து வெளியேறிப் புகலிட நகரங்களின் உணவகச் சமையலறைகளில் ஒதுங்கிய எங்களில் பலருக்கு, இது இப்படத்தின் மிகக் கசப்பான காட்சி. நான் வாசித்த விமர்சனங்களில் இக்காட்சி விறுவிறுப்புக்காக மட்டுமே மெச்சப்படுகிறது.

இரண்டாவது காலகட்டத்தின் பாராட்டுகள் அனைத்தும் 'விதி' என்ற ஒரே சொல்லைச் சுற்றி வருகின்றன. 2023இல் மறைந்த ஃப்ரீட்கினும் படத்தை அப்படித்தான் விளக்கிவந்தார். பாலக் காட்சியில் மழையிலும் காற்றிலும் ஊசலாடும் லொறி மனித நிலையின் குறியீடாம். இருக்கலாம். ஆனால் இந்த மனிதர்கள் லொறியில் ஏறியது விதியால் அல்ல. பணத்தோடு, சட்டபூர்வமாக வாழ்வதற்கான காகிதமும் கூலியில் ஒரு பகுதி. இந்த ஒப்பந்தத்தைப் பேசாமல் விதியைப் பேசுவது, எந்தக் காகிதத்துக்கும் வரிசையில் நிற்கத் தேவையில்லாதவர்களுக்குச் சுலபம்.

க்ளூஸோவின் மாரியோ கூலியை வாங்கிக்கொண்டு மகிழ்ச்சியில் லொறியைத் தாறுமாறாக ஓட்டிப் பள்ளத்தில் விழுந்து சாகிறான். ஃப்ரீட்கினின் ஸ்கான்லன் கூலி கையிலிருக்க, மதுக்கடையில் ஒரு ஏழை மூதாட்டியுடன் நடனமாடுகிறான். வெளியே அவனைத் தேடி ஊரிலிருந்து கொலைகாரர்கள் வந்திறங்குகிறார்கள். எந்த முடிவு சிறந்தது என்று விமர்சகர்கள் பட்டிமன்றம் நடத்துகிறார்கள். எனக்கு முதலாவதே நேர்மையானதாகப் படுகிறது. அதில் தப்பித்தவனுக்குத் தண்டனை கொடுக்க அவனது கடந்தகாலம் தேவைப்படவில்லை.

2024இல் பிரான்சில் ஜூலியன் லெக்லெர்க் இக்கதையை மறுபடி எடுத்தார். வரவேற்பு மோசமாகவே இருந்தது, பெரும்பாலும் நியாயமாகவே. ஆனால் அப்போதும் ஒப்பீடு பதற்றத்தின் அளவைப் பற்றியதாகவே இருந்தது. ஒரு மறு உருவாக்கத்தை மூலத்தோடு ஒப்பிடும்போது எது அதிகம் பயமுறுத்துகிறது என்பதோடு நின்றுவிடலாகாது. பயத்துக்குக் கூலி கொடுப்பவன் யார், அந்தக் கூலிக்குச் சம்மதிக்கும் நிலைக்கு ஒருவனைக் கொண்டுவந்தது எது என்பவற்றை ஒவ்வொரு வடிவமும் எவ்வளவு தூரம் சொல்கிறது, எங்கே மறைக்கிறது என்றும் பார்க்க வேண்டும். இந்த வாசிப்பைச் செய்வதற்கான அனுபவம் நம்மிடம் உண்டு. நண்பர்கள் இரு படங்களையும் பார்த்துவிட்டு எழுத வேண்டும், குறிப்பாகக் காசெம் பற்றிய என் கருத்தோடு முரண்படுபவர்கள்.