சிபிக்கு இரண்டெழுத்து, நமக்கு இரண்டு கட்டம்

பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஓர் அட்டை கொடுத்தார்கள். அதில் என் பெயர் சின்ன எழுத்திலும், என் தகப்பனார் பெயர் பெரிய எழுத்திலும் இருந்தன. அன்றிலிருந்து அலுவலகத்தில் எல்லாரும் என்னை அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். ஊரில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் துணிந்தவர்கள் நாலைந்து பேர் இருந்தால் அதிகம். "சார், அது எங்கப்பா பேரு" என்று பணியாளர் பிரிவில் போய்ச் சொன்னேன். "சிஸ்டம் அப்படித்தான் எடுத்துக்கும்" என்று பதில் வந்தது. இந்த மலரைப் படிக்கும் அன்பர்கள் பலருக்கும் இந்த அனுபவம் உண்டு என்று எனக்குத் தெரியும்.

அன்று எனக்கு நினைவுக்கு வந்தது சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த இந்த நாவலை எழுதியவர், இதே ஊரில் ஜாலஹள்ளி பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்தவர். கதை நடப்பது 2020களின் தொடக்கத்தில். ஜீவா என்ற சர்வாதிகாரியின் ஆட்சி. பெயர் இரண்டெழுத்தில்தான் இருக்க வேண்டும். குழந்தை பெற அனுமதி வாங்க வேண்டும். ஆயுளுக்கும் அரசே கணக்கு வைத்திருக்கும். நிலாவின் கணவன் சிபி காணாமல் போகிறான். ரவி என்பவன் ஓர் இயந்திர நாயோடு வந்து சேர்கிறான். அந்த நாய்தான் ஜீனோ.

நாவல் குறித்து வைத்த காலம் வந்து, கடந்தும் போய்விட்டது. எனவே இப்போது அதைத் தராசில் வைக்கலாம்.

சுஜாதா பிடித்த சரியான இடம் பெயர்தான். ஒரு மனிதனை வரிசையில் நிறுத்த வேண்டுமானால் முதலில் பெயரைக் கத்தரிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் வாழ்க்கையிலும் அந்தச் சங்கடம் இருந்தது. ரங்கராஜன் என்ற பெயரில் எழுதினால் குமுதத்தின் ரா.கி. ரங்கராஜனோடு குழப்பம் வரும் என்றுதான் மனைவியின் பெயரைப் புனைபெயராக்கிக்கொண்டார். பத்திரிகை உலகத்தில் இரண்டு ரங்கராஜன்களுக்கு இடமில்லை என்றபோது, அவருக்காவது புதுப்பெயரைத் தானே தேர்ந்துகொள்ள முடிந்தது.

ஆனால் பெயரைக் கத்தரிக்க ஒரு சர்வாதிகாரி வேண்டும் என்று அவர் நினைத்தாரே, அங்கேதான் நாவல் சறுக்குகிறது என்பது என் கருத்து. ஜீவா தேவையே படவில்லை. ஒரு விண்ணப்பப் படிவமும், அதில் நட்சத்திரக் குறி போட்ட ஒரு கட்டமும் போதுமாக இருந்தன. (ஜீவாவே கடைசியில் ஒளியால் ஆன வெறும் பிம்பம்தான் என்று நாவல் காட்டுகிறது. அந்த இடத்தில் ஆசிரியர் உண்மையின் வாசல்வரை வந்துவிட்டு, அடுத்த திருப்பத்துக்காக ஓடிவிடுகிறார். தொடர்கதையின் சாபம் அது.)

நம்முடைய பெயர்முறை ஒன்றும் நேற்று வந்ததல்ல. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்று சங்கப் புலவரைச் சொல்கிறோம்: ஊர், தகப்பன், பிறகு ஆள். இன்றைய இன்ஷியலும் அதே வரிசைதான். கன்னடத்தாருக்கும் இதுவே வழக்கம், கு.வெ. புட்டப்பாவின் முதலெழுத்துகளில் குப்பளி என்ற ஊரும் வெங்கடப்பா என்ற தந்தையும் இருக்கிறார்கள். இந்த வரிசை மேலைநாட்டுக் கட்டங்களுக்குள் போகும்போது என்ன ஆகிறது பாருங்கள். 1983இல் நோபெல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகருக்குச் சொந்தப் பெயர் கடைசியில் நின்றது. தகப்பனார் பெயர் முதற்பெயரானது. 2009இல் பெற்ற வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனுக்கோ தகப்பனார் பெயர் கடைசியில் நின்றது. விசுவநாதன் ஆனந்தை உலகமே செல்லமாக 'விஷி' என்கிறது. அது அவர் அப்பா பெயரின் சுருக்கம்!

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். சிரிக்க முடியாததும் உண்டு. பான் அட்டை விண்ணப்பத்தில் இன்ஷியல் செல்லாது. 2017இல் பானையும் ஆதாரையும் இணைக்கச் சொன்னபோது, ஒன்றில் இன்ஷியலும் மற்றதில் விரித்த பெயருமாக இருந்தவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசாவில் நுழைவு இல்லை என்றது. தகப்பனார் பெயர் வேறு பக்கத்தில் இருந்தால் போதும் என்று பிறகு விளக்கம் வந்தது. விமான நிலையத்தில் நிற்கிறவனுக்கு விளக்கம் வரும்வரை ஊரில் இல்லாத பயம்.

இன்னொன்றும் நாவலில் இல்லை. அங்கே ஜனங்கள் பயத்தால் அடங்குகிறார்கள். நாம் சௌகரியத்துக்காக அடங்குகிறோம். எங்கள் குடியிருப்பில் வாயிற்காவலுக்குச் செயலி வேண்டும் என்று கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். போன வருஷம் கரூரிலிருந்து அத்தை வந்தாள். சாதாரணப் போன்கூடக் கையில் இல்லை. "அண்ணன் மகன் வீட்டுக்கு வந்திருக்கேன்ப்பா" என்றாளாம். காவலாளி நல்ல பையன்தான். ஆனால் அவன் திரையில் டெலிவரி, டாக்சி, விருந்தாளி, வேலைக்காரர் என்று நான்கே பொத்தான்கள். முக்கால் மணி நேரம் வெயிலில் உட்கார்ந்திருந்தாள். அவள் ஒன்றும் கோபிக்கவில்லை. "உங்க ஊர் வழக்கம் போல" என்றாள்.

எந்திரமே பகை என்று நான் சொல்ல வரவில்லை. சுஜாதாவும் அப்படிச் சொன்னவரில்லை. பாரத் எலெக்ட்ரானிக்ஸ் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கியதில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. அந்தப் பெட்டியும் எல்லாரையும் ஒன்றாகத்தான் எண்ணுகிறது. ஆனால் பொத்தானை அழுத்துகிறவன் பெயரை அது கேட்பதில்லை. ஒரே மாதிரி நடத்துவது வேறு, ஒரே மாதிரி ஆக்குவது வேறு. இந்த வித்தியாசத்தைக் கையால் செய்து பார்த்தவர், நாவலில் அதைப் பேசாமல் விட்டது எனக்கு ஒரு குறைதான்.

அவர் பேசியது ஜீனோ மூலமாக. நாவலில் புத்தகம் படித்து, கிண்டல் பண்ணி, சொந்தமாக முடிவெடுக்கிற பாத்திரம் அந்த நாய் ஒன்றுதான். நிலாவைக்கூட ஆசிரியர் கடைசிவரை பிறர் கைப்பொம்மையாகவே வைத்திருக்கிறார். இன்று படிக்கையில் அது உறுத்துகிறது. மனிதர்களைவிட இயந்திரத்துக்குத் தனித்தன்மை அதிகம் என்பது கசப்பான நகைச்சுவை. நாவல் நிற்பது அதனால்தான்.

ஆதாரின் முதல் தலைவர் நந்தன் நிலெகனி பெங்களூர்க்காரர். 2012இல் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போன நீதிபதி கே.எஸ். புட்டசாமியும் கர்நாடக உயர்நீதிமன்றத்தில் இருந்து ஓய்வு பெற்ற பெங்களூர்க்காரர்தான். அப்போது அவருக்கு வயது எண்பதைத் தாண்டியிருந்தது. 2017 ஆகஸ்டு 24இல் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். 2018இல் ஆதார் திட்டம் செல்லும் என்றாலும், தனியார் நிறுவனங்கள் அந்த எண்ணைக் கட்டாயமாகக் கேட்பதற்கு இருந்த வழியை நீதிமன்றம் அடைத்தது. முழுவெற்றி இல்லை. ஆனால் 2024இல் அந்தப் பெரியவர் மறைந்தபோதும் வழக்கு அவர் பெயரில்தான் வழங்கியது, இரண்டு இன்ஷியலோடு.

சென்ற மாதம் என் மகளுக்குக் கடவுச்சீட்டு விண்ணப்பித்தோம். "அப்பா, லாஸ்ட் நேம்ல உங்க பேரா, தாத்தா பேரா? உங்க கார்டுல தாத்தா பேருதானே இருக்கு?" என்றாள். என் பெயரைப் போட்டால் அவளுக்கும் எனக்கும் குடும்பப்பெயர் வேறு வேறாகும். விமான நிலையத்தில் நான் அவள் அப்பா என்று நிரூபிக்க வேண்டிவரலாம். அப்பா பெயரைப் போட்டால் எல்லாம் ஒத்துப்போகும். அந்தப் பக்கத்தைச் சேமித்து வைத்துவிட்டு எழுந்தேன். இன்னும் அனுப்பவில்லை.