கிறிஸ்டோஃபின் எங்கே போனாள்?

'ஜேன் அயர்' நாவலைக் கல்லூரியில் படித்த பலரையும் போல எனக்கும் ஜேனைப் பிடித்துப்போனது. அநாதை, அழகில்லாதவள், சம்பளத்துக்குப் பாடம் சொல்லித் தருபவள். ஆனாலும் எஜமானனின் முகத்துக்கு நேரே, நான் உனக்குச் சமம் என்கிறாள். 1847இல் வந்த நாவலில் இது சின்ன விஷயமில்லை. மேல்மாடி அறையில் பூட்டப்பட்டிருந்த பெர்த்தாவைப் பற்றி எங்கள் வகுப்பில் யாரும் கேட்கவில்லை. ஜமைக்காவிலிருந்து வந்த பைத்தியக்காரி, திருமணத்துக்குத் தடை, கடைசியில் வீட்டுக்குத் தீ வைத்துச் சாகிறவள். அவ்வளவுதான்.

அந்த நாவலில் பணம் வரும் வழியைப் பின்தொடர்ந்து பாருங்கள். ராச்செஸ்டர் பெர்த்தாவை மணந்ததற்குப் பின்னால் 30,000 பவுன் சீதனம் இருக்கிறது. மேற்கிந்தியத் தீவுகளின் தோட்ட முதலாளி ஒருவரின் பணம். அந்தத் தோட்டங்கள் நடந்தது அடிமைகளின் உழைப்பில். ஜேனுக்கு 20,000 பவுன் விட்டுச்செல்லும் தந்தைவழி உறவினர் மதீராவில் வணிகர். மேசன் குடும்ப நிறுவனத்தோடு தொழில் தொடர்பு உள்ளவர். அந்தப் பணத்தை நான்காகப் பங்கிட்டுக்கொண்ட பிறகுதான் ஜேன் யாரையும் சாராத பெண்ணாகத் திரும்பி வருகிறாள்.

1979இல் கில்பர்ட்டும் கூபரும் பெர்த்தாவை ஜேனின் அடக்கப்பட்ட கோபமாக வாசித்தார்கள். பெண்ணிய விமர்சனத்தில் பெரிய திறப்பு அது. ஆனால் பெர்த்தா அங்கேயும் ஜேனின் நிழல்தான். அவள் பிறந்த ஊர் அந்த வாசிப்பில் உதிர்ந்துவிடுகிறது.

அந்த ஊரைத் திருப்பிக் கொடுத்தவர் ஜீன் ரீஸ். டொமினிக்காவில் 1890இல் பிறந்தவர்; தாய்வழி முன்னோர் அடிமைகளை வைத்திருந்த தோட்டக்காரர்கள். அவருடைய 'வைட் சர்காஸோ ஸீ' (1966) பெர்த்தாவுக்கு ஆன்ட்வானெட் என்ற பெயரையும் ஒரு குழந்தைப் பருவத்தையும் தருகிறது. கதை தொடங்கும்போது அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் வந்துவிட்டது. வெள்ளை முதலாளிகள் இழப்பீட்டுக்குக் காத்திருக்கிறார்கள். ஆம், பிரிட்டன் ஒதுக்கிய 2 கோடி பவுன் இழப்பீடு அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு. உழைத்தவர்களுக்கு ஒரு காசும் இல்லை. அவர்களில் பெரும்பாலோர் 1838 வரை 'பயிற்சித் தொழிலாளர்' என்ற பெயரில் அதே முதலாளிகளுக்கு உழைத்தார்கள்.

கிறிஸ்டோஃபின் இதைப் பார்த்துச் சிரிக்கிறாள். முன்பு சாட்டை, இப்போது சட்டமும் சிறையும் என்பது அவளுக்குத் தெரியும். மார்த்தினிக்கிலிருந்து வந்தவள். ஆன்ட்வானெட்டின் தாய்க்குத் திருமணப் பரிசாகக் கொடுக்கப்பட்டவள். ஒரு மனுஷியைப் பரிசாக! மூன்று பிள்ளைகள், மூன்று தகப்பன்கள், ஒரு கணவனும் இல்லை. தன் பணம் தன் கையில். புருஷனை விட்டுக் கிளம்பு என்று ஆன்ட்வானெட்டிடம் சொல்கிறாள். ஆன்ட்வானெட்டால் முடியாது, ஆங்கிலேயச் சட்டப்படி அவளுடைய சொத்தெல்லாம் ஏற்கெனவே கணவனுடையது.

இந்தக் கிறிஸ்டோஃபினைச் சுற்றித்தான் ஒரு முக்கியமான விவாதம் நடந்தது. காயத்ரி ஸ்பிவக் 1985இல் எழுதிய கட்டுரையில், ரீஸின் நாவல் வெள்ளைக் கிரியோல் பெண்ணுக்காக எழுதப்பட்டது, அதில் கிறிஸ்டோஃபின் அடங்க முடியாது, அதனால் ஓரத்துக்குத் தள்ளப்படுகிறாள் என்றார். பெனிட்டா பாரி மறுத்தார்: அவள் பேசுகிறாள், எதிர்த்து நிற்கிறாள், அது உங்களுக்குக் கேட்கவில்லையா?

கேட்கத்தான் செய்கிறது. கணவனை எதிரே நிறுத்தி அவள் கேட்கும் கேள்விகளுக்கு அவனிடம் பதில் இல்லை. போலீஸ் என்று மிரட்டுகிறான். எழுதப் படிக்கத் தெரியாது, மற்றது தெரியும் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிறாள். பாரி சொல்வதை நான் ஏற்கிறேன். ஆனால் அவள் பேசும் பேச்சில் ஏறக்குறைய எல்லாமே ஆன்ட்வானெட்டுக்காக என்பதையும் கவனிக்கிறேன். அவளுடைய மூன்று பிள்ளைகளில் எத்தனை பேரை நாவல் நம் கண்முன் கொண்டுவருகிறது?

இறுதிக் கனவில், இங்கிலாந்தின் அந்த மாடியில், ஆன்ட்வானெட் உதவிக்குக் கூப்பிடுவது கிறிஸ்டோஃபினைத்தான். உதவி வருகிறது, நெருப்பாக. கனவிலும் அவளுக்குச் சின்னம்மாவைக் காப்பாற்றும் வேலை.