பழைய சேட், புதுப் பெயர்

கடைக்குப் பெயர் மாறினால் ஊழியர்களுக்குப் புதுச் சேட் வாங்கியே ஆகவேண்டும் என்றில்லை. முள்ளியவளையில் தையல்காரரிடம் பழைய சேட்டுகளைக் கட்டாகக் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும். பழைய பெயர் உள்ள பட்ஜைக் கழற்றுவதைக் கிட்ட நின்று பார்க்கவேண்டும். சேட்டை உட்புறம் திருப்பி, பாதிப் பிளேட்டின் முனையால் அடிநூலை மட்டும் இடைவிட்டு இடைவிட்டு அறுப்பார்கள். பிறகு மேல்நூலை ஒரே இழுப்பில் உருவ, ‘சர்’ரென்று ஒரு சின்னச் சத்தம். துணியில் கீறல்கூட இருக்காது.

பட்ஜ் இருந்த இடத்தில்தான் சேட்டின் முதல் நிறம் தெரியும்: வன்னி வெயிலும் கிறவல் புழுதியும் கிணற்றடித் தோய்ப்பும் எட்டாத கருநீலச் சதுரம். ஊசித் துளைகளை நகத்தால் குறுக்கே வருடி, ஈரத்துணி போட்டு அயன் பண்ணுவார்கள். புதுப் பட்ஜைச் சற்றுப் பெரிதாக வெட்டுவது அந்தச் சதுரத்தை மறைக்கத்தான். மூலை வந்ததும் மிதி நிற்கும். ஊசி துணிக்குள்ளேயே இருக்க, பாதத்தைத் தூக்கித் துணியைத் திருப்பினால், சிங்கர் மெசின் மறுபடி கடகடக்கும். வெளிறின சேட்டுக்கு வெளிறின நூலையே தேடி எடுப்பார்கள். எனக்கு மிகவும் பிடித்தது இந்தத் தெரிவுதான். புதுக் கருநீல நூல் துருத்திக்கொண்டு நிற்கும். கொலர் நைந்திருந்தால் பிரித்து, நைந்த பக்கம் உள்ளே போகத் திருப்பித் தைப்பதும் உண்டு. தோளும் முழங்கையும் போட்டவரின் உடம்புக்குப் பழகிவிட்டவை. புதுச் சேட்டின் மொடமொடப்பில் அந்தச் சுகம் இல்லை. அதனால் உரியவரின் சேட் உரியவருக்கே போய்ச்சேர, கொலரின் உள்ளே ஆளுக்கொரு நிறநூலில் ஒரு தையல் போட்டு வைக்கிறார்கள்.