தூரமா, தூசா?

நமது கவிதைகளில் அண்மைக்காலமாக ‘இருள் ஆற்றல்’ என்ற சொல் நடமாடுகிறது. பிரிவு, தனிமை, மனிதர் ஒருவரைவிட்டு ஒருவர் விலகுவது எல்லாவற்றுக்கும் அதுவே படிமம். அப்படி ஒன்று உண்டா என்பதே தீராத வழக்கு என்ற பிரக்ஞை இக்கவிதைகளில் இல்லை.

1998-ல் இரண்டு குழுக்கள் தொலைதூரச் சூப்பர்நோவாக்களை அளந்தன. ஒரு குறிப்பிட்ட வகைச் சூப்பர்நோவாக்களின் உள்ளார்ந்த பிரகாசம் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே மங்கலைக் கொண்டு தூரத்தைக் கணிக்கலாம். அவை எதிர்பார்த்ததைவிட மங்கலாக இருந்தன. பிரபஞ்ச விரிவு வேகமெடுக்கிறது என்று முடிவு கட்டினார்கள். 2011-ல் நோபல் பரிசும் கிடைத்தது. வேகமெடுக்க வைப்பது எது? தெரியாது. தெரியாததற்கு ஒரு பெயர் இட்டார்கள். இன்றைய கணக்கில் பிரபஞ்சத்தின் சுமார் 68 சதவீதம் அந்தப் பெயரில் நிற்கிறது.

வங்கிக் குமாஸ்தாவுக்கு இது புதிதல்ல. எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று தெரியாத தொகையை சஸ்பென்ஸ் கணக்கில் போட்டு வைக்கிறோம். அது பொய்யல்ல, நேர்மையான ஏற்பாடுதான். ஆனால் ஒருநாள் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். பதில் சொல்லாமல் அதையே சொத்தாகப் பாவிக்கத் தொடங்கும்போதுதான் கோளாறு.

இந்தப் பதிவை ஏற்காதவர்களில் முக்கியமானவர் 2025 மே மாதம் புனேயில் காலமான ஜயந்த் நார்லிகர். ஒளி மங்குவதற்கு வழியில் இருக்கும் தூசு காரணமாகலாம் என்றார் அவர்: சூப்பர்நோவாக்கள் உமிழும் இரும்பு ஆவி உறைந்து நுண்ணிய ஊசிகளாக விண்வெளியில் பரவியிருக்கிறது. திருப்பூர்க்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பஞ்சு பறக்கும் நிட்டிங் கூடத்தில் கடைசிக் குழல்விளக்கு, இருக்கும் தூரத்தைவிட அதிகத் தூரத்தில் இருப்பதாகவே தோன்றும்.

சிறுபத்திரிகை வாசகன் உடனே நார்லிகர் பக்கம் சாய்வான். சிறுபான்மையாக இருப்பதே உண்மைக்குச் சான்று என்று நினைப்பது நமது பழைய நோய். நார்லிகரின் பெருமை எதிர்த்ததில் இல்லை. சோதித்து மறுக்கக்கூடிய ஒரு பொருளை முன்வைத்ததில் இருக்கிறது. பெரும்பாலான வானியலாளர்கள் அதை ஏற்கவில்லை. நுண்ணலைப் பின்னணியின் நுட்பமான ஏற்ற இறக்கங்களையும் சேர்த்துப் பார்த்தால் தூசு போதாது என்பது அவர்கள் கட்சி. 2016-ல் ஆக்ஸ்ஃபோர்டின் சுபீர் சர்க்காரும் சகாக்களும் 740 சூப்பர்நோவாக்களை மறுபடி கணக்கிட்டு, வேகமெடுப்புக்கான சான்று சொல்லப்படும் அளவு உறுதியானதல்ல என்றார்கள். அந்தக் கணக்கு முறையை வேறு சிலர் மறுத்தார்கள். 2025-ல் வந்த டெசி ஆய்வு முடிவுகளோ, இந்த ஆற்றல் மாறாத ஒன்றல்ல, காலப்போக்கில் மாறுகிறதோ என்ற ஐயத்தைக் கிளப்பியிருக்கின்றன. கணக்கு இன்னும் மூடப்படவில்லை.

நம்மிடமும் இப்படி ஒரு தலைப்பு உண்டு: இருண்மை. புரியாத கவிதையை அதில் வரவு வைத்துவிட்டு எழுந்து போகிறோம். ஒருவருக்கு அது குணம், இன்னொருவருக்குக் குற்றம். கணக்கை மூடுவதில் மட்டும் இருவருக்கும் ஒரே அவசரம். கேட்க வேண்டிய கேள்வி கேட்கப்படுவதே இல்லை. இந்தக் கவிதை மங்கலாகத் தெரிவது, அதன் அனுபவம் உண்மையாகவே நம்மிலிருந்து அவ்வளவு தொலைவில் இருப்பதாலா? அல்லது இடையில் பறக்கும் சொற்களின் தூசாலா?

இதை ஒவ்வொரு கவிதைக்கும் தனித்தனியாக, வரிவரியாகப் பார்த்தே சொல்ல முடியும். ‘இருள் ஆற்றல்’ கவிதைகளில் நான் படித்தவரை, பெரும்பாலும் தூசுதான்.